வெள்ளவத்தைக் கால்வாய்க்கு எந்தப் பறவை?

வெள்ளவத்தையில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் கேட்டிருந்தார். அவருடைய பாடசாலையின் சுற்றாடல் கழகமும் கால்வாயோரம் குடியிருக்கும் சில குடும்பங்களும் சேர்ந்து, கரையைத் துப்புரவாக்கி, குப்பை கொட்டுவதைத் தடுத்து, மரம் நடும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஒரு பறவையை அடையாளமாக வைக்க வேண்டும், அதை ஊர்ச்சனமே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மயில், கிளி, காட்டுக்கோழி என்று ஏற்கெனவே பெயர்கள் வருகின்றனவாம். எந்தப் பறவை பொருத்தம், வாக்கெடுப்பை எப்படி நடத்துவது, வேறு நாடுகளில் இப்படிச் செய்திருக்கிறார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

வாக்கெடுப்பைத் தயங்காமல் நடத்துங்கள் ரீச்சர். ஆனால் எந்தப் பறவை வெல்லும் என்பதைவிட, எந்தப் பறவைகளை வாக்குச்சீட்டில் போடுகிறீர்கள் என்பதுதான் பெரிய முடிவு. அந்த முடிவை ஊரிடம் விட வேண்டாம். நீங்கள் நாலைந்து பேர் கால்வாய்க்கரையில் நின்று பார்த்து எடுக்க வேண்டியது அது. என் சொந்த வாக்கு, கால்வாயோரப் புதர்களில் திரியும் கானாங்கோழிக்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கையில் இருக்கும் காசுத்தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2010ஆம் ஆண்டுத் தொடரில் வந்த தாள்களில் இலங்கைக்கே உரிய ஆறு பறவைகள் இருக்கின்றன. 20 ரூபாய்த் தாளில் இருப்பது ஒரு சின்ன ஆந்தை. 1995இல் கித்துல்கலைக் காட்டில் பறவையியலாளர் தீபால் வரகாகொட அதன் குரலை முதன்முதலில் கேட்டார். எந்தப் பறவையின் குரல் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆறு வருடம் கழித்து, 2001 ஜனவரியில் சிங்கராஜவில் அதைக் கண்ணால் கண்டார். 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது புதிய பறவை இனம் அது. 2004இல் முறைப்படி பெயரிட்டபோது, சிங்கராஜ மரங்களை வெட்டுவதை எதிர்த்து நின்ற தீலோ ஹொஃப்மனின் பெயரை அதற்கு வைத்தார்கள். இவ்வளவு பெரிய கதையைச் சுமக்கும் பறவை நாள் முழுக்கக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாளை வகுப்பறைகளில் காட்டிக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளிடமிருந்து "ஆந்தை" என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை. பிள்ளைகளில் பிழையில்லை. படம் மட்டும்தான் அவர்களுடைய கைக்கு வந்தது. அதோடு சேர்த்துச் செய்ய ஒரு வேலையும் வரவில்லை, போய்ப் பார்க்க ஓர் இடமும் வரவில்லை.

வேலையோடு சேர்ந்து வந்த அடையாளம் என்ன செய்யும் என்பதற்குக் கரீபியன் கடலில் உள்ள சென் லூசியா நல்ல உதாரணம். 1970களின் கடைசியில் அந்தத் தீவுக்கே உரிய கிளி நூறு அளவுக்குக் குறைந்திருந்தது. 1979இல் அதைத் தேசியப் பறவையாக அறிவித்தார்கள். அதோடு நிற்கவில்லை. போல் பட்லர் என்ற இளைஞரும் வனத் திணைக்களத்தாரும் பாடசாலை பாடசாலையாகப் போனார்கள். கிளி வேஷம் போட்ட ஆள், பாட்டு, சுவரொட்டி, கோவில் பிரசங்கம் என்று ஒன்றையும் விடவில்லை. வேட்டைச் சட்டம் இறுகியது. கிளியின் தொகை பின்னர் பல மடங்காகியது. அஸ்ஸாமில் பூர்ணிமா தேவி பர்மன் செய்தது இன்னும் கடினமானது. அங்கே ஹர்கிலா என்ற பெருநாரையை அசிங்கம், அபசகுனம் என்று ஒதுக்கி, அது கூடு கட்டும் மரத்தையே வெட்டுவார்கள். அவர் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, அந்த நாரையின் உருவத்தைச் சேலையில் நெய்ய வைத்தார். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதற்கு வளைகாப்புப் போல ஒரு சடங்கும் நடத்துகிறார்கள். மரம் வெட்டிய கைகளே இப்போது கூட்டைக் காக்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு வேண்டியது இந்த மாதிரியான ஒட்டுதல்தான். சனம் அந்த ஒட்டுதலுக்குள் வர வாக்கெடுப்பு ஒரு வாசல்.

சரி, வாக்கெடுப்பு நடத்தியவர்களைப் பார்ப்போம். நியூசிலாந்தில் 2005இலிருந்து வருடத்தின் பறவையைச் சனம் தெரிவு செய்கிறது. இந்த வகையில் உலகில் மிகப் பிரபலமானது அதுதான். அவர்கள் படாத பாடு இல்லை. 2020இல் ஒரே இணைய முகவரியிலிருந்து, பொய் மின்னஞ்சல்களைப் பயன்படுத்தி, ஒரு சிறிய கிவி இனத்துக்கு 1,500க்கு மேற்பட்ட கள்ள வாக்குகளைப் போட்டார்கள். பிடித்து நீக்கினார்கள். 2021இல் ஒரு வௌவாலைப் பட்டியலில் சேர்த்தார்கள், அதுவே வென்றும் விட்டது. பறவை அல்லாத ஒன்று எப்படி வெல்லலாம் என்று பலருக்குக் கோபம். ஆனால் அழிந்துகொண்டிருக்கும் அந்த வௌவாலைப் பற்றி நாடே ஒரு வாரம் கதைத்தது. 2023இல் 'நூற்றாண்டின் பறவை' என்று நடத்தியபோது அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் ஜோன் ஒலிவர் பூத்தெக்கெத்தெக்கே என்ற கொண்டை முக்குளிப்பானுக்காகப் பிரசாரத்தில் இறங்கினார். 195 நாடுகளிலிருந்து 350,000க்கு மேல் வாக்குகள் வந்தன. அதில் 290,374 அந்த ஒரு பறவைக்கு. பறவைக்குப் புகழ் கிடைத்தது, வாக்கெடுப்பை நடத்திய அமைப்புக்கும் நன்கொடை கிடைத்தது, நல்லதுதான். ஆனால் கால்வாய்க்கரை வேலைக்கு அது சரிவராது. உங்கள் இணைப்பு வாட்ஸ்அப்பில் போனால் ஒரே இரவில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சித்தப்பா, மாமி, மச்சான் எல்லோரும் பாசத்தோடு வாக்களித்து விடுவார்கள். கரையில் குடியிருப்பவரின் விருப்பம் அதில் அமிழ்ந்து போகும். நாளைக்குக் குப்பையைக் கொட்டாமல் இருக்க வேண்டியவர் கரைக்காரர்தான். அதனால் வாக்கும் அவருடையதாக இருக்க வேண்டும்.

ஜேர்மனியில் 1971இலிருந்து ஐம்பது வருடம் நிபுணர்கள்தான் வருடத்தின் பறவையைத் தெரிவு செய்தார்கள். 2021இல் முதன்முதலாகச் சனத்திடம் விட்டபோது நாலரை இலட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். வென்றது ரொபின் என்ற செம்மார்புச் சின்னக் குருவி. பிரித்தானியாவில் 2015இல் டேவிட் லிண்டோ என்ற பறவை ஆர்வலர் நடத்திய தேசியப் பறவை வாக்கெடுப்பிலும் அதே ரொபின்தான், 34 வீத வாக்குகளோடு. சனம் தன் வீட்டு முற்றத்தில் தினமும் காணும் பறவைக்கே மனதைக் கொடுக்கிறது. நிபுணர்களுக்கு இதில் ஏமாற்றம் இருக்கலாம். எனக்கு இல்லை. காணாத பறவையை யார் காப்பாற்றப் போகிறார்கள்?

கனடாவில் நடந்ததையும் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள், அது நீங்கள் தவிர்க்க வேண்டிய பிழை. அங்கே புவியியல் சங்கம் ஒன்று தேசியப் பறவைக்கு வாக்கெடுப்பு வைத்தது. ஏறத்தாழ 50,000 பேர் வாக்களித்தார்கள். லூன் என்ற நீர்ப்பறவை முதலாவதாக வந்தது. 2016இல் முடிவை அறிவித்தபோது சங்கம் வேறொரு பறவையை, சாம்பல் ஜேயை, தெரிவு செய்திருந்தது. லூன் ஏற்கெனவே ஒன்ராரியோ மாகாணத்தின் பறவை, ஜேயோ எல்லா மாகாணங்களிலும் பனிக்காலத்திலும் தங்குவது என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் வாக்களித்தவனுக்கு மனம் நொந்து போகும் அல்லவா? வாக்குத்தான் இறுதி முடிவா, வெறும் ஆலோசனையா என்பதை முதல் நாளே எழுதி ஒட்டி விடுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இறுதி முடிவு என்று சொல்வதே நல்லது. அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டுமென்றால், எது வென்றாலும் உங்களுக்குச் சம்மதமான பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

அதனால்தான் மயிலைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். ஆடிவேல் காலி வீதியால் வரும் ஊர் இது. முருகனின் மயிலை நிறுத்தினால் மயில்தான் வெல்லும், வேறு எதற்கும் இடமிருக்காது. ஆனால் மயிலுக்கும் கால்வாய்க்கும் என்ன தொடர்பு? அது உலர் வலயத்துப் பறவை. அண்மைக் காலத்தில் ஈர வலயத்துக்கும் பரவி, பயிரைத் தின்கிறது என்று விவசாயிகள் முறையிடும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. காட்டுக்கோழி நம் தேசியப் பறவை, மதிப்புக்குரியது, ஆனால் அதைக் காண நீங்கள் காட்டுக்குத்தான் போக வேண்டும். கிளி மேலால் கத்திக்கொண்டு பறந்து போகும், கரையில் அதற்கு அலுவல் இல்லை. காகத்தையும் விடுங்கள், சிலர் கோபத்தில் அதற்கு வாக்களிப்பார்கள். அவுஸ்திரேலியாவில் 2017இல் குப்பைத்தொட்டியைக் கிளறும் வெள்ளை அரிவாள்மூக்கனுக்கு இப்படித்தான் வாக்குகள் குவிந்து அது இரண்டாம் இடத்துக்கு வந்தது.

உங்கள் பட்டியலில் ஐந்து போதும். நான் போடுவதென்றால் இவற்றைப் போடுவேன்.

கூழைக்கடா எல்லோருக்கும் தெரியும். பேரே வாவியில் மிதக்கும், தெருவிளக்குக் கம்பத்தில் குந்தியிருக்கும். பிள்ளைகள் வரைவதற்கு இலகுவான உருவம். மீன் இருக்கும் நீர்ப்பரப்பு வேண்டும், கூடு கட்டப் பெரிய மரம் வேண்டும். கால்வாயில் மட்டும் வேலை செய்து அதற்குப் பெரிதாக உதவ முடியாது என்பது ஒரு குறை.

நீலத் தாழைக்கோழி அழகில் முதலிடம். ஊதா கலந்த நீல உடம்பு, சிவந்த சொண்டு, நீண்ட சிவந்த கால். பெத்தகானையிலோ தலங்கமைக் குளத்திலோ ஒரு காலை நேரம் நின்றால் நாணலுக்குள் நடப்பதைக் காணலாம். அடர்ந்த நாணல் இல்லாத இடத்தில் அது இல்லை.

இலைக்கோழி, அதாவது தாமரை இலை மேல் நடக்கும் நீளவால் பறவை. இதன் குடும்பக் கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பெண் முட்டையிட்டு விட்டு வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் தகப்பன். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். நீளவால் இனப்பெருக்க காலத்தில்தான் இருக்கும். வாக்குச்சீட்டில் வாலோடு படம் போட்டு விட்டு, வாலில்லாத காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் "படத்தில் இருந்தது இது இல்லையே" என்பார்கள். இரண்டு படமும் போடுங்கள்.

வக்கா அந்தி வேளையில் "குவாக்" என்று கத்திக்கொண்டு பறக்கும் இராக்கொக்கு. பகலில் கரை மரங்களில் கூனிக்கொண்டு தூங்கும். கரையில் மரம் நடும் வேலைக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

அப்புறம் கானாங்கோழி. வெள்ளை முகம், வெள்ளை நெஞ்சு, கரும் சாம்பல் முதுகு, வாலுக்குக் கீழே செங்கல் நிறம். நடக்கும்போது குட்டை வாலை விட்டு விட்டு ஆட்டும். குஞ்சுகள் கரிக்கட்டி போல் கறுப்பு. ஆள் கண்டால் புதருக்குள் ஓடும், பயம் போனதும் திரும்பி வரும். மழை பெய்து ஓய்ந்த இரவில் "குவாக் குவாக்" என்று நிறுத்தாமல் கத்தி, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாயோரம் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். அரிய பறவையல்ல. உலகளவில் இதற்கு ஆபத்தும் இல்லை. இருந்தும் என் வாக்கு இதற்குத்தான்.

காரணம் இதுதான். இந்தப் பறவை உயிரோடு இருக்க என்ன வேண்டும் என்று கேட்டால், நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் பட்டியல் அப்படியே வரும். கரையோரம் இரண்டு மூன்று மீற்றர் அகலத்துக்குப் புல்லும் புதரும் வேண்டும். கரை முழுவதும் கொங்கிறீட்டோ, கம்பிவலைக்குள் அடுக்கிய கல்லோ ஆகிவிட்டால் அதற்குக் கூடு கட்ட இடமில்லை. மழைக்காலத்தில் ஒரேயடியாக இரண்டு கரையையும் வழித்துத் துப்புரவாக்கினால் முட்டையும் குஞ்சும் போகும். பொலித்தீன் பையும் கட்டாக்காலி நாயும் குறைய வேண்டும். இவ்வளவையும் கால்வாய்களைப் பராமரிக்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் மாநகர சபையிடமும் எடுத்துச் சொல்ல, "எங்கள் ஊர் தெரிவு செய்த பறவை இது, அதற்கு இந்த மாதம் இந்தப் பக்கக் கரையை விட்டு வைத்து வெட்டுங்கள்" என்ற ஒரு வசனம் போதும். ஆகாயத்தாமரையை அகற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. எதிர்த்து நிற்கச் சொல்லவில்லை, ஒரு கரையை மாற்றி ஒரு கரை என்று முறை வைக்கச் சொல்கிறேன். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் தங்கவும் ஓடவும் இடம் இருப்பது பறவைக்கு மட்டும் தேவையானதல்ல என்று விளக்க வேண்டியதில்லை. 2018 ஒக்டோபரில், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. அந்த அங்கீகாரத்தை அதிகாரிகளுக்கு மரியாதையாக நினைவூட்டுங்கள், அது உங்கள் பக்கம் நிற்கும் கடுதாசி.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வாக்குச்சீட்டு மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று நீங்களே நினைத்திருப்பீர்கள். சிக்கல் தமிழில்தான் வரும். கொழும்பில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குக் கானாங்கோழி என்றால் தெரியாது, சிங்களத்தில் "கொறவக்கா" என்றால் உடனே கண் விரியும். குண்டுக்கரிச்சானைப் "பொல்கிச்சா" என்பார்கள். அது குற்றமல்ல, பறவையைத் தெரிந்திருக்கிறதே, அதுவே பெரிது. இரண்டு பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். தமிழ்நாட்டுப் பறவை நூல்களிலிருந்து பெயர்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவர்கள் தவிட்டுக்குருவி என்பதை யாழ்ப்பாணத்துப் பாட்டி புலுனி என்பார். பாட்டிமாரிடம் கேட்டு எழுதுவதையே பிள்ளைகளுக்கு ஒரு வேலையாகக் கொடுக்கலாம். இன்னொன்று, அதே புலுனிக்குச் சிங்களத்தில் பெயர் "தெமலிச்சா". தமிழரைக் குறிக்கும் சொல் அதில் ஒலிப்பதால் சிலருக்குச் சிரிப்பும் சிலருக்கு மனத்தாங்கலும் வரலாம். நான் சிறுவயதில் வகுப்பில் அந்தப் பெயரால் கேலி செய்யப்பட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எந்தப் பறவையைப் போட்டாலும் அதன் மூன்று பெயர்களையும் மூன்று வீட்டாரிடம் வாசித்துக் காட்டிய பிறகு அச்சடியுங்கள்.

நடத்தும் முறைக்கு வருவோம். இணையம் வேண்டாம், கடதாசி போதும். பல வருடங்களுக்கு முன் நான் சேர்ந்திருந்த ஒரு குழு முகநூலில் இப்படி வாக்கெடுப்பு வைத்தது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பறவைக்கு அழுத்தினார்கள், வென்ற பறவையின் பதாகை ஒரு மாதம் தொங்கியது, பிறகு மழையில் கிழிந்தது. அந்தப் பறவையைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. இன்றைக்கும் நினைத்தால் மனம் வலிக்கிறது. அதனால் கால்வாயோர வீடுகளுக்கு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சீட்டோடு போகட்டும். பலசரக்குக் கடை, பள்ளிவாசல், கோவில், பன்சலை வாசல்களில் பெட்டி வையுங்கள். சீட்டைக் கொடுக்கும்போதே ஐந்து பறவைகளையும் பற்றி ஐந்து வரி சொல்ல வேண்டும். அந்த உரையாடல் நடந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு வாக்கு என்று வைக்காமல் மூன்று விருப்பு வையுங்கள். நம் சனத்துக்கு அது புதிதல்ல. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பை எண்ணியபோது வீடு வீடாக அதைத்தான் கதைத்தோம். முதல் விருப்பில் குறைவாகப் பெற்ற பறவையை நீக்கி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்புக்கு மாற்றிக்கொண்டே போங்கள். நியூசிலாந்தில் 2020இல் முதல் விருப்பில் முன்னணியில் நின்றது அல்பட்ரோஸ் என்ற கடற்பறவை, விருப்புகளை மாற்றி எண்ணியபோது வென்றது ககாப்போ என்ற பறக்காத கிளி. பலருக்கும் ஓரளவாவது பிடித்த பறவை மேலே வர இது வழி. எண்ணுவதை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், பிள்ளைகளைக் கொண்டே கரும்பலகையில் கோடு போட்டுச் செய்யுங்கள். கணித ரீச்சருக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

நாளைப் பொறுத்தவரை, பெப்ரவரி 2 உலக ஈரநில தினம். 1971இல் ராம்சார் உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. முடிவை அன்றைக்கு அறிவிப்பதென்றால் வாக்கெடுப்பை ஜனவரியில் முடிக்கலாம். அந்த மாதம்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும், இலங்கையில் அதைச் சிலோன் பேர்ட் கிளப் செய்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் கள பறவையியல் குழுவும் 1976இலிருந்து இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் ஒரு கடிதம் எழுதினால், எண்ணப் பழக்க ஓர் ஆளைக் கேட்கலாம்.

வாக்கெடுப்பு வைக்க முன்னரே ஒரு காலையில், ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், உங்கள் பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை நடந்து ஐந்து பறவைகளையும் எண்ணிக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம், அதே நேரம், அதே தூரம் நடந்து திரும்ப எண்ணுங்கள். முதல் எண்ணிக்கையை இப்போதே எடுக்காவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. இந்த மாதம் எண்ணப் போவதென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமையில் நானும் வருகிறேன்.